வேர் விட்ட செதில்

கிணற்றடியில் பல் தேய்த்து வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகளும் தாராளமாகப் படிக்கலாம், தடையில்லை. ஆனால் ராட்டினம் கிறீச்சிடும் சத்தம் இன்னும் காதில் இருப்பவர்கள்தான் நான் சொல்வதை நம்புவார்கள். மற்றவர்கள், கிழவிக்குப் பொழுது போகவில்லை, கதை விடுகிறாள் என்பார்கள்.

போன ஐப்பசியில் அடித்த மழையில் எங்கள் வேளச்சேரி அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. இந்த வீட்டை என் மகன் வாங்கும்போது, ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏரியே கதவைத் தட்டும் என்று சொல்லவில்லை. மோட்டார் வைத்து இறைத்தார்கள். இறைத்தும், கார்கள் இறங்கும் சரிவுக்குக் கீழே, வெயில் விழுகிற மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர் தங்கிவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காவலாளி வந்து மணி அடித்தார்.

"அம்மா, கீழ தண்ணி மேல பச்சப் பசேல்னு இன்னாவோ முளைச்சிகினு கீதும்மா. வந்து பாருங்க" என்றார்.

நானும் மருமகளும் இறங்கிப் போனோம். கடுகைத் தட்டி வைத்ததுபோல் வட்ட வட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டி, தண்ணீரே தெரியாமல் மூடியிருந்தது. எனக்கு முழங்கால் வலி மறந்துபோயிற்று. குனிந்து விரலை வைத்தேன். மருமகள் பதறினாள். "அத்தை, தொடாதீங்க, பாசி! கை அரிக்கும்."

"இது பாசி இல்ல. மீன் செதில்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மாலை மகன் வந்ததும் "அம்மாவை டாக்டர்கிட்ட காட்டணும்" என்று சொல்லியிருப்பாள். சொல்லட்டும். அந்தச் சின்ன இலையை மீன் செதில் என்று ஒரு காம்பவுண்டே சேர்ந்து தீர்மானித்த நாளை அவள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறேன் என்பதுதான் சங்கதி.

அப்போது எனக்குப் பத்து வயது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நீளமான காம்பவுண்டில் குடியிருந்தோம். ஒன்றன் பின் ஒன்றாக ஐந்து போர்ஷன். முதல் போர்ஷனில் வீட்டுக்காரம்மா. அவர் கணவருக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். மூன்றாவது போர்ஷனில் அப்பா, அம்மா, நான். கடைசிப் போர்ஷனைத் தாண்டினால் துவைக்கிற கல், கிணறு, பலகைப் பின்கதவு. பின்கதவைத் திறந்தால் சந்து.

அந்த வீட்டுக்குக் குடிவர ஒரே ஒரு நிபந்தனைதான். வீட்டுக்காரம்மா அம்மாவை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க சைவந்தானே?" என்று கேட்டாராம். அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பிறந்ததிலேருந்து" என்று சொல்லிவிட்டாள். பாவம், அவளும் என்ன செய்வாள்? நாலு மாதமாக வீடு தேடி அலைந்து அப்பாவின் செருப்பு தேய்ந்து போயிருந்தது. எங்களுக்கு முன்னால் அந்தப் போர்ஷனில் இருந்தவர்கள் ஒரு மழை நாளில் ஆசைப்பட்டுக் கருவாடு சுட்டார்களாம். அந்த மாதமே காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. அதனால்தான் வீடு எங்களுக்குக் கிடைத்தது.

ஒரு கிலோ சங்கரா மீனைச் செதில் எடுத்து, வாலை நறுக்கி, மஞ்சள் பூசி வைக்க அம்மாவுக்குக் கால் மணி நேரம் போதும். அந்தக் கை மூன்று வருஷமாக வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தது. நாக்கு சும்மா இருக்குமா? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "தம்பியைப் பாத்துட்டு வரோம்" என்று சொல்லிவிட்டு வேளச்சேரிக்குக் கிளம்பிவிடுவோம். மாமா கிண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டு வேளச்சேரி ஏரிக்கரை ஓரத்தில் தனியாக அறை எடுத்திருந்தார். அவருடைய ஒற்றை ஸ்டவ்வில்தான் எங்கள் மீன் குழம்பு கொதிக்கும்.

மீன் வாங்குவது பஸ் ஸ்டாப்பில். எங்கள் சந்துக்குத் தினமும் கூடை கொண்டு வருகிற மீன்காரம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே உட்கார்ந்திருப்பாள். கடலோரக் குப்பத்திலிருந்து நடந்தே வருகிறவள். நல்ல உயரம். சிரித்தால் வெற்றிலைக் காவி தெரியும். மீனை இலையில் சுற்றி அம்மாவின் துணிப்பைக்குள் போட்டு, மேலே தானே ஒரு கட்டு முளைக்கீரையை வைத்து மறைத்துத் தருவாள். சந்தில் எங்களைப் பார்த்தால் முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டாள். யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் மட்டும் அம்மாவிடம் மெல்லக் கேட்பாள்: "போன வாரம் கீரை நல்லா இருந்துச்சாம்மா?" அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் நான் அந்தப் பச்சையை முதலில் பார்த்தேன். மாமா என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் வேளச்சேரி இல்லை. கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர், அதற்கப்பால் வயல், காற்றில் சேறும் எருமையும் கலந்த வாசனை. கரையோரத்தில் தண்ணீர் அசையாத இடத்தில் பச்சையாகத் தரை மாதிரி இருந்தது. நான் ஓடிப்போய்க் காலை வைக்கப் போனேன். மாமா சட்டென்று என் பின்னலைப் பிடித்து இழுத்தார்.

"அடியே, அது தரை இல்ல, தண்ணி!"

அந்த நேரம் பார்த்து அந்தப் பச்சைக்குள்ளிருந்து ஒரு எருமை எழுந்தது. கழுத்து வரை பச்சை ரவிக்கை போட்டுக்கொண்டது மாதிரி உடம்பெல்லாம் சின்னச் சின்ன இலை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு குனிந்து கையை முக்கினேன். எடுத்தபோது முழங்கை வரை இலை ஒட்டியிருந்தது. அவ்வளவு சின்னதாக ஒரு முழுச் செடி இருக்க முடியும் என்பதே எனக்கு ஆச்சரியம். மாமாவின் அறையில் காலி ஊறுகாய் பாட்டில் ஒன்று இருந்தது. அதில் ஏரித் தண்ணீரோடு கொஞ்சம் இலையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கிண்டியில் பஸ் மாறும்போதும் பாட்டிலை அம்மாவிடம் கொடுக்கவில்லை.

அடுப்படி ஜன்னலில் வைத்தேன். பாதி இலையை வேறு ஒரு டம்ளரில் போட்டுப் பார்க்கலாம் என்று எடுத்தேன். எண்ணினால் பன்னிரண்டு. மூன்று நாள் கழித்து எண்ணினேன். இருபத்து மூன்று! யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து போடுகிறார்கள் என்று அப்பாவைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் கவனித்தேன். ஒரு இலையின் இடுப்பிலிருந்து குட்டி இலை ஒன்று எட்டிப் பார்க்கிறது. கொஞ்ச நாள் அம்மாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு பிரிந்து தனியாக மிதக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து நான் பார்க்கிற முதல் முகம் அதுதான். அந்த நாட்களில் என்னைப்போலச் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க முடியாது.

எனக்கு இன்னொரு வேலையும் அப்போது இருந்தது. மீன்காரம்மாவின் மகளுக்கு அந்தச் சமயம்தான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. குப்பத்துத் தண்ணீர் உப்பு. அதில் குளிப்பாட்டிக் குளிப்பாட்டிக் குழந்தைக்கு உடம்பெல்லாம் புண். நல்ல தண்ணீரில் குளிப்பாட்டினால்தான் ஆறும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாளாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். மீன்காரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டபோது வீட்டுக்காரம்மா மறுக்கவில்லை. "கொழந்தைக்குத்தானே, தெனம் ஒரு கொடம் கொண்டு போ. ஆனா கவுச்சிக் கை கயித்துல படப்பிடாது, சொல்லிட்டேன்" என்றார். ஆகவே மத்தியானம் வியாபாரம் முடிந்ததும் அவள் தன் அலுமினியக் குடத்தைப் பின்கதவுக்கு வெளியே வைப்பாள். விடுமுறை நாளில் நான் இறைத்து ஊற்றுவேன். பள்ளிக்கூட நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடிவருவேனே, அப்போது ஊற்றுவேன். அந்த மழைக்குக் கிணறு நிரம்பி, குனிந்தால் கை எட்டும் போல இருந்தது. மீன்காரம்மா ஒருநாள்கூடக் கதவைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. கயிற்றைத் தொட்டதில்லை. இதற்கு நான்தான் சாட்சி, ஒரே சாட்சி.

அவளிடம் என் பாட்டிலைக் காட்டினேன். மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தாள். "அட, ஏரி இலை! இத்தப் பாத்தியா கண்ணு, ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரே ஒரு வேரு கீது. தலைமுடி மாதிரி" என்றாள். அதுவரை நான் இலையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதது, ஒரு நிமிஷம் பார்த்த அவளுக்குத் தெரிந்துவிட்டதே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நாளில் பாட்டில் நிரம்பி வழிந்தது. தண்ணீர் நாறத் தொடங்கியது. அம்மா பொறுமை இழந்தாள். "அடுப்படிக்குள்ள குட்டைத் தண்ணி எதுக்குடி? கொசு வரப்போகுது. இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள பாட்டில் காலியாகணும்" என்றாள். சாக்கடையில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. குழந்தைகளைச் சாக்கடையில் கொட்டுவார்களா? அதனால் கிணற்றில் விட்டேன். ஒரு கை இலைதான். அது பாட்டுக்கு மிதக்கட்டும், நான் தினமும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்தச் சமயம் வீட்டுக்காரம்மா குடும்பத்தோடு ஊருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மழைக்காலமானதால் தெருக் குழாயில் தினமும் தண்ணீர் வந்தது, மற்ற போர்ஷன்காரர்களும் கிணற்றுப் பக்கம் அதிகம் வரவில்லை. கிணறு எனக்கும் என் இலைக்கும் என்று ஆயிற்று. முதலில் ஓரத்தில் ஒரு வளையம். பிறகு வளையம் தடித்தது. வாளியை விட்டால் பச்சை விலகி வழி விடும், வாளி மேலே வந்ததும் மூடிக்கொள்ளும். மீன்காரம்மாவின் குடத்திலும் இரண்டு இலை போய் விழுந்தது.

"இன்னா கண்ணு, உன் செடி என் கொடத்துக்குள்ள வந்துகினு கீது?" என்று அவள் கேட்டாள்.

"நான்தான் கிணத்துல விட்டேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க. சத்தியமா?"

"நான் எதுக்குக் கண்ணு சொல்லப் போறேன்?" என்று சொல்லி, நான் நீட்டிய கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். கை சில்லென்று மீன் வாசனையோடு இருந்தது. எனக்கு அந்த வாசனை பிடிக்கும்.

மார்கழி பிறந்தது. ஊரிலிருந்து திரும்பிய வீட்டுக்காரம்மா விடிந்ததும் கோலம் போடத் தண்ணீர் எடுக்கப் போனார். அவர் போட்ட கூச்சலில் ஐந்து போர்ஷனும் கிணற்றடிக்கு ஓடியது. கிணறு முழுக்க, ஒரு விரல்கடை இடம் விடாமல் பச்சை. வீட்டுக்காரம்மாவின் விரல் நுனியில் ஒரு இலை ஒட்டியிருந்தது.

"இது செதிலுல்லா! பாத்தியளா, வட்டமா, வழவழன்னு! மீன் செதிலுல்லா மெதக்குது என் கெணத்துல!"

அவர் பிறந்த நாளிலிருந்து மீனைத் தொட்டதில்லை. சந்தில் மீன்காரம்மா அரிவாள்மனையில் தேய்க்கும்போது தெறிப்பதைத் தூரத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்ததுதான் அவருக்குத் தெரிந்த செதில். வட்டமாக, மெல்லிசாக, பளபளவென்று. அந்த மூன்றும் இதற்கும் பொருந்தின. செதில் ஏன் பச்சையாக இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். "தண்ணியில கெடந்து ஊறுனா பச்சை புடிக்காம என்ன செய்யும்?" என்றார். அதுவும் எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. பிறகு அவர் அம்மாவிடம் திரும்பி, அந்த விரலை நீட்டினார்.

"மூணாம் போர்ஷன், நீங்க சொல்லுங்க. செதிலா, இல்லையா?"

அம்மா அதைத் தன் கட்டைவிரலில் வாங்கிக்கொண்டாள். எத்தனை ஆயிரம் செதிலை அந்தக் கட்டைவிரல் உரசித் தள்ளியிருக்கும்! மெல்ல இலையைத் திருப்பினாள். பார்த்துக்கொண்டே நின்றாள். இது செதில் இல்லை என்று அவள் சொல்லலாம். சொன்னால், செதில் எப்படி இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். பிறந்ததிலிருந்து சைவமாயிற்றே நாம்!

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நாங்க பாத்ததில்லையே" என்றாள்.

அன்று நான் அதை அப்படியே நம்பினேன். அம்மாவுக்கே தெரியவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன். பத்து வயதில் புத்தி அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கருவாடு சுட்டதற்கே வீடு போயிற்று என்றால், கிணற்றையே கெடுத்ததற்கு என்ன ஆகும்? அப்பாவின் தேய்ந்த செருப்புதான் என் கண் முன்னால் வந்தது.

மத்தியானம் மீன்காரம்மா வந்து வழக்கம்போல் குடத்தை வைத்தாள். பின்கதவில் நான் நிற்கவில்லை, வீட்டுக்காரம்மா நின்றார். பின்னால் அம்மா. அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நான்.

"இனி இந்தப் பக்கம் கொடத்தைத் தூக்கிட்டு வராதே. உன் செதில்தான் கெணறு பூரா மெதக்குது."

"இன்னாம்மா சொல்ற நீ? நான் கயித்தைக்கூடத் தொட்டதில்லையே. பாப்பாதானே ஊத்துது?"

"கொடத்துல ஒட்டி வந்திருக்கும். காத்துல பறந்து வந்திருக்கும். எனக்கென்ன தெரியும்? இந்தா, நீயே பாரு."

வாளியை அவள் முன்னால் வைத்தார். மீன்காரம்மா ஒரு இலையை எடுத்தாள். எனக்கு உயிர் போயிற்று. அவள் சிரித்தேவிட்டாள்.

"இதுவா செதிலு? செதிலுக்கு எங்கனா வேரு இருக்குமாம்மா? இத்தப் பாரு, கீழ ஒரு வேரு கீது. இது ஏரில..."

நிறுத்திவிட்டாள். கண் என் மேல் வந்து நின்றது. ஏரியில் இருப்பது கிணற்றுக்கு எப்படி வந்தது என்றுதான் அடுத்த கேள்வி இருக்கும். அது அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு அம்மாவைப் பார்த்தாள். "இந்தம்மாவ வேணாக் கேளு, அவங்களுக்கு..." என்று தொடங்கினாள். அதையும் முடிக்கவில்லை. அவள் வாயில் இரண்டு வார்த்தை இருந்தது. எதைச் சொல்லியிருந்தாலும் அவளுக்குத் தண்ணீர் கிடைத்திருக்கும், எங்களுக்கு வீடு போயிருக்கும்.

"புள்ளைக்காகத்தாம்மா கேக்கறேன். புண்ணு பாதி ஆறிக்கீது. இன்னும் கொஞ்ச நாள்..." என்று மட்டும் சொன்னாள்.

"கொழந்தைக்குன்னா கொழாயில புடிச்சுக்கோ."

"எங்காண்ட கொழாயிலயும் உப்புத்தாம்மா வருது."

வீட்டுக்காரம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அவர் கெட்டவர் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை பறித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து விசிறியவர் அவர். தனக்குக் கொஞ்சமும் தெரியாத ஒன்றைப் பற்றி அவ்வளவு நிச்சயமாக இருந்தார், அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் காலிக் குடத்தை எடுக்கிற சத்தம் கேட்டது. நான் கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை.

ஆள் வைத்துக் கிணற்றை இறைத்து, சுவரைத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். பத்து நாளில் சுவர் இடுக்கிலிருந்து என் இலை மறுபடி வந்துவிட்டது. மீன்காரியே வருவதில்லை, செதில் எப்படி வந்தது? வீட்டுக்காரம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தார். "அவ சாபம்லா இது" என்று முடிவு செய்தார். தான் தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் சொல்ல வேண்டியது இதற்கு நடுவே ஒன்று இருக்கிறது. கதவு சாத்தப்பட்ட மறுநாள் அம்மா திடீரென்று பக்தியானாள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பிள்ளையாருக்குத் தண்ணீர் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். வீட்டுக்காரம்மாவுக்கு மகா சந்தோஷம்.

"எந்தப் பிள்ளையாரு?"

"அடையாறு பாலத்துக்கு முன்னால, அரசமரத்தடியில இருக்காரே, அவருக்கு."

"அம்புட்டு தூரமா? நம்ம தெருமுனையிலயே ஒருத்தரு இருக்காரே!"

"அவர்தான்மா கனவுல வந்தார்" என்றாள் அம்மா.

அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்? தினமும் மத்தியானம் அம்மா பித்தளைக் குடத்தில் கிணற்றுத் தண்ணீரை எடுப்பாள். கிணறு இறைத்த இரண்டு நாள் மட்டும் அண்டாவில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீர். அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து, ஒரு இலைகூட விழாமல் வடிகட்டுவாள். "பிள்ளையாருக்குப் பச்சை பிடிக்காதா? அறுகம்புல்லும் பச்சைதானே?" என்று நான் கேட்டேன். "சும்மா இரு" என்றாள். வடிகட்டிய தண்ணீருக்குத் தீட்டில்லை என்று சொல்லி வீட்டுக்காரம்மா வந்து குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "எனக்கும் சேத்து ஒரு கை ஊத்திட்டு வாங்க" என்பார். சில நாள் ஒரு செம்பருத்திப் பூவையும் உள்ளே போடுவார். அம்மா முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. நானும் வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு போகவே மாட்டாள். திரும்பி வந்ததும் புளி போட்டுக் குடத்தைத் தேய்ப்பாள். அப்படித் தேய்த்தும் ஒருநாள் குடத்தின் கழுத்தில் எனக்கு லேசாக மீன் வாசனை அடித்தது. பாவம் செய்தவள் மூக்குக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டலம் முடிந்த அன்று அம்மா சுண்டல் கொண்டுவந்து ஐந்து போர்ஷனுக்கும் பிரசாதம் கொடுத்தாள். அடுத்த வருஷம் நாங்கள் அடையாறில் வேறு வீட்டுக்குப் போய்விட்டோம். அங்கே யாரும் யாரையும் சைவமா என்று கேட்கவில்லை. மீன்காரம்மாவை நான் அதன்பின் பார்க்கவே இல்லை. அவள் குடத்தின் சத்தம் மட்டும் என்னோடு கூடவே வந்தது. கல்யாணம் ஆகி, மகன் பிறந்து, அவனைக் குளிப்பாட்ட உட்காரும்போதெல்லாம் அந்தப் புண் ஆறிற்றா என்ற நினைப்பு வரும். யாரிடம் கேட்பது?

அம்மா கடைசி இரண்டு வருஷம் இந்த வேளச்சேரி வீட்டில் என்னோடுதான் இருந்தாள். கண் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் தட்டில் மீன் வைத்தால் விரலாலேயே முள்ளைத் தேடி எடுத்துவிடுவாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"அம்மா, அந்தக் கிணத்துல பச்சையை விட்டது நான்தான்."

அவள் ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "தெரியும்."

"மீன்காரம்மா சொல்லிட்டாளா?"

"அவளா? அவ வாயிலேருந்து வருமா? பாட்டிலைக் கழுவிக் கவுத்து வச்சிருந்தே. சாக்கடையில ஒரு இலையைக் காணோம். ஏரி வரைக்கும் நடந்து போயிருப்பியா நீ?"

"அப்போ ஏம்மா என்னை ஒண்ணும் கேக்கலை?"

"உன்னைக் கேட்டா, நீ என்னைக் கேப்பியே. செதில் தெரியாதுன்னு ஏம்மா பொய் சொன்னேன்னு."

"அவ பேரக்குழந்தை என்ன ஆச்சோன்னு இன்னிக்கும் நினைச்சுப்பேன்மா" என்றேன்.

அம்மா மங்கிய கண்ணால் என் பக்கம் திரும்பினாள். "நாப்பத்தெட்டு நாள் குடத்தை எங்க தூக்கிட்டுப் போனேன்னு நினைச்சே?"

"பிள்ளையாருக்கு."

"பிள்ளைக்குடி. கூட ஒரு 'யார்' சேத்துச் சொன்னேன், அவ்வளவுதான்."

சாதம் பிசைந்த கையோடு நான் உட்கார்ந்திருந்தேன். பாலத்துக்கு முன்னால் அரசமரத்தடியில் மீன்காரம்மா தன் அலுமினியக் குடத்தோடு காத்திருப்பாளாம். பிள்ளையார் சாட்சியாக ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்கு. வீட்டுக்காரம்மாவின் செம்பருத்திப் பூவை மட்டும் அம்மா எடுத்துப் பிள்ளையார் காலடியில் வைத்துவிடுவாளாம். நாற்பது நாளில் புண் சுத்தமாக ஆறிவிட்டது, இனி வேண்டாம் என்று மீன்காரம்மா சொன்னாளாம். அம்மா கேட்கவில்லை. மண்டலத்தைப் பாதியில் விடக்கூடாது என்று மிச்ச எட்டு நாளும் ஊற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

"தினமும் குடத்தை வாங்கும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா" என்றாள் அம்மா. "'பாப்பா பாட்டில்ல வச்சிருந்துச்சே ஒரு செடி, நல்லா கீதா?'ன்னு. வேற ஒரு வார்த்தை பேச மாட்டா. நீ அவகிட்ட சத்தியம் வாங்கியிருப்பேன்னு அதை வச்சுத்தான் புரிஞ்சுக்கிட்டேன்."

"நீ என்ன சொன்னே?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன். கிணறு பூரா இருந்துதே, அது மட்டுமாவது பொய் இல்லையே."

அம்மா போய் இந்த மாசியோடு மூன்று வருஷம். கீழ்த்தளத்துத் தண்ணீரை மறுநாள் மிச்சமில்லாமல் இறைத்துவிட்டார்கள். அதற்குள் நான் ஒரு கை இலையை அள்ளி ஊறுகாய் பாட்டிலில் போட்டு அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டேன். கொசு வரும் அத்தை என்று மருமகள் முணுமுணுக்கிறாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறேன். காலையில் காப்பி குடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்க்கிறேன். அரசமரத்தடியில் கேட்டவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று எனக்கு ஒரு நினைப்பு. நானும் தினமும் பதில் சொல்லிவிடுகிறேன், அவளுக்குப் புரிகிற மாதிரி.

நல்லா கீதும்மா. உன் பேரப்புள்ள நல்லா கீறானா?